அரிமானம்: துரு மட்டும் அல்ல

பம்பு வாங்கப் போனால், "முழுக்க எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), துருவே பிடிக்காது சார்" என்பார்கள். பொய் இல்லை. ஆனாலும் உப்புத் தண்ணீர் இறைத்தால் அதன் இம்பெல்லரில், அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தில், ஊசி குத்தினாற்போலக் குழி விழலாம். துரு வேறு, அரிமானம் வேறு.

துரு இரும்புக்கு மட்டும் உரியது. செம்பில் ஏறுவது களிம்பு; சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமை சொல்லும் அதே களிம்புதான். எந்த உலோகமானாலும் நீர், காற்று, உப்பு, அமிலம் பட்டு வேதிவினையால் கெடுவதற்குப் பொதுப்பெயர் ஆங்கிலத்தில் கரோஷன், தமிழில் அரிமானம்.

கரோஷனின் வேர் இலத்தீன் 'ரோடெரே', அதாவது கொறித்தல். எலி வகையைச் சொல்லும் 'ரோடன்ட்'டும் அங்கே பிறந்ததுதான். நமக்கு எலி அல்ல, கரையான்: செல்லரித்த ஏடு என்கிறோமே, அந்த 'அரி'. அதோடு தேய்மானம், கட்டுமானத்தில் வரும் 'மானம்' சேர்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், மண்ணரிப்பைச் சொல்லும் 'எரோஷ'னும் ரோடெரேயின் பிள்ளைதான். இரு மொழியிலும் ஒரே வேரில் இரண்டு சொற்கள். அதனால் பம்பைப் பற்றி எழுதும்போது மணல் உரசித் தேய்வதை அரிப்பு என்றும், வேதிவினையால் கெடுவதை அரிமானம் என்றும் பிரித்து எழுதுவது நல்லது. பம்புக்குள் இரண்டும் கூட்டாளிகள். மணல் மேற்படலத்தைச் சுரண்ட, வெளிப்பட்ட உலோகத்தைத் தண்ணீர் தின்னும்.

எஸ்.எஸ்.ஸில் பரவலான 304 வகை எஃகில் சுமார் 18% குரோமியம் உண்டு. அது மேலே கட்டும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் காவல். உப்பிலுள்ள குளோரைடு அதை அங்கங்கே துளைத்துவிடும். இது குழி அரிமானம். 2 முதல் 3% மாலிப்டினம் சேர்த்த 316 இன்னும் தாக்குப்பிடிக்கும். கடல்நீரில் லிட்டருக்கு 19 கிராம் அளவு குளோரைடு. அங்கே 316-உம் திணறும், குரோமியம் இன்னும் கூடிய டூப்ளெக்ஸ், சூப்பர் டூப்ளெக்ஸ் எஃகு வகைகளுக்குப் போகவேண்டும். பித்தளைக்குத் துரு கிடையாது, ஆனால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் பொடபொடவென்று மிஞ்சும். இம்பெல்லருக்குக் கன்மெட்டல் கேட்பது இதனால்தான்: துத்தநாகம் குறைந்த, வெள்ளீயம் கலந்த வெண்கலம் அது.

சரி, இப்படிப்பட்ட உலோகத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'அரிமானத் தடுப்பு உலோகம்' என்று சிலர் எழுதுகிறார்கள். தடுப்பு என்பது மேலே பூசும் பெயின்டுக்குப் பொருந்தும். தானே நின்று சமாளிக்கும் உலோகத்துக்கு 'அரிமானம் தாங்கும்' என்பதே சரி. எந்தத் தண்ணீரில் தாங்கும் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் கடைக்காரருக்கும் குழப்பம் இருக்காது.