எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நிற்காதீர்கள்

சித்திரை வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை காலை, வேளச்சேரியிலிருந்து ஓர் இளைஞர் அம்மாவோடு என் கிளினிக்குக்கு வந்தார். வலது கையை மேசைமேல் வைக்கவே பயந்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் திராட்சை அளவுக்கு நீர்க்கொப்புளங்கள். புறங்கை சிவந்து, ஓரங்களில் கருக்க ஆரம்பித்திருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு கோடு. தண்ணீர் வழிந்தால் எப்படி வளைந்து ஓடுமோ, அப்படி ஓடியிருந்தது. அந்தக் கோட்டின் மேலும் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள்.

"அக்கின்னு நெனச்சு காவி எழுதிட்டு வந்தோம் டாக்டர். எரிச்சல் அடங்கவே இல்ல" என்றார் அம்மா. விரலிடுக்கில் காவியின் சிவப்பு இன்னும் ஒட்டியிருந்தது.

அக்கி என்றால் ஒரு நரம்பு போகும் பட்டையில் கொத்துக்கொத்தாக வரும். இது நரம்பின் பாதை இல்லை, ஏதோ திரவம் ஒழுகிய பாதை. "ஞாயித்துக்கிழமை என்ன பண்ணீங்க தம்பி?" என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் வாய் திறந்தார். மொட்டை மாடியில் நண்பர்கள் பத்துப் பேர். வோட்காவில் புதினா, துளசி, எலுமிச்சை, சோடா கலந்து வீட்டிலேயே காக்டெயில். பகல் 11 மணிக்கு ஆரம்பித்து, முப்பது பழத்துக்கு மேல் இவரே கையால் பிழிந்திருக்கிறார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, வெயிலிலேயே மதியம் வரை நின்றிருக்கிறார்.

அவருக்கு வந்திருந்தது எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் தோல் புண். மருத்துவத்தில் இதற்கு ஃபைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ் என்று பெயர். வெயில் காலத்தில் பானகம், ஜூஸ், ஊறுகாய் என்று வீடுதோறும் எலுமிச்சை பிழிகிற ஊர் இது. ஆனாலும் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், சோராலென் வகையைச் சேர்ந்த ரசாயனங்கள் இருக்கின்றன. அவை சருமத்தில் பட்டால் மட்டும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பட்ட இடத்தில் வெயிலின் புற ஊதா 'ஏ' கதிர் விழும்போதுதான் சிக்கல். கதிர் பட்டதும் இந்த ரசாயனம் செல்லின் டிஎன்ஏ இழைகளுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிணைத்துவிடுகிறது. செல்கள் செத்துப்போகின்றன, கொப்புளம் கிளம்புகிறது. கையில் ஈரமும் வியர்வையும் இருந்தால் பாதிப்பு இன்னும் கூடும். சென்னையில் இந்த இரண்டுக்கும் பஞ்சமே இல்லை.

சோராலென் என்ற பெயரே நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போக அரிசிச் செடியின் தாவரவியல் பெயரிலிருந்து வந்ததுதான். வெண்புள்ளிக்குக் கார்போக அரிசியை அரைத்துப் பூசி வெயில் காட்டுவது நம் பக்கத்துப் பழைய வைத்தியம். எகிப்தில் எல் மோஃப்டி என்ற மருத்துவர் 1940களில் இதே வகை ரசாயனத்தை வேறொரு செடியிலிருந்து எடுத்து வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1970களில் அது 'பூவா' சிகிச்சையாகச் சொரியாசிஸுக்கும் வந்தது. மாத்திரை கொடுத்து, கதிரை அளந்து, ஒவ்வொரு அமர்வாகக் கூட்டி நாங்கள் செய்கிற அதே வேலையை, மொட்டை மாடியில் அந்தத் தம்பி அளவே இல்லாமல் தன் கைக்குச் செய்துகொண்டுவிட்டார்.

இது அலர்ஜி இல்லை. "எனக்கு எலுமிச்சை எப்பவும் ஒத்துக்கும்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. போதுமான சாறும் போதுமான வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் வரும். உடனே தெரியாது என்பதுதான் ஏமாற்றும் விஷயம். ஒரு நாள் கழித்துத்தான் எரிச்சல் தொடங்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை பிழிந்த எலுமிச்சை மறந்துபோய், பூச்சிக் கடி, எண்ணெய் தெறித்தது, அக்கி என்று மனம் போகிறது. அரிப்பு அவ்வளவாக இருக்காது, தீப்பட்டது போல் எரியும். நம் நிறத்துச் சருமத்தில் சிலருக்குக் கொப்புளமே வராமல், நேராகக் கருந்திட்டாக மட்டும் தெரியும்.

சாறு பட்ட கையால் குழந்தையைத் தூக்கினாலும் போதும். பிறகு குழந்தை வெயிலில் விளையாடினால், முதுகில் ஐந்து விரல் பதிந்தது போல் கறுத்த தடம் வரும். அடித்த தழும்பு என்று பெற்றோரையே சந்தேகப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

காக்டெயிலில் 'ஹெர்பல்' என்று சொல்லிச் சேர்க்கும் இலைகளில் புதினாவாலும் துளசியாலும் இந்தப் பிரச்சினை இல்லை. செலரி, பார்ஸ்லி சேர்த்தால் கவனம் வேண்டும். சில வீடுகளில் தொட்டியில் வளர்க்கும் அருவதா இலையை வாசனைக்காகக்கூடக் கசக்கிப் போடாதீர்கள், அது எலுமிச்சையைப் போலவே சுடும். இன்னொன்று, வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் பெரிய மஞ்சள் லெமன் வேறு, நம் சிறிய எலுமிச்சை வேறு. இந்தப் புண்ணை அதிகமாக உண்டாக்குவது நம் எலுமிச்சை இனம்தான்.

சிலர் எலுமிச்சைக்குப் பதில் பம்ப்ளிமாஸ் அல்லது கிரேப்ஃப்ரூட் சாறு சேர்க்கிறார்கள். கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் போன்ற மாத்திரையோ, சிலவகை ரத்த அழுத்த மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் அதைத் தொட வேண்டாம். இதே குடும்பத்து ரசாயனங்கள் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுவதால், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். இது கண்டுபிடிக்கப்பட்ட கதையிலும் மது இருக்கிறது. கனடாவில் ஓர் ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார்கள். மதுவின் சுவை தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது. காரணம் சாறுதான் என்பது பிறகு உறுதியானது.

சரி, இந்தக் காக்டெயிலை வீட்டில் செய்யத்தான் போகிறீர்கள் என்றால் இப்படிச் செய்யுங்கள். பழத்தை மாடியில் பிழியாதீர்கள், சமையலறையில் பிழியுங்கள். ஜன்னலோரமும் வேண்டாம், புற ஊதா 'ஏ' கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வரும். கையால் நசுக்காமல் லெமன் ஸ்குவீசர் வைத்துப் பிழியுங்கள், நிறையப் பழம் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துடைத்தால் மட்டும் போகாது. கழுவிய பிறகும் ஓரிரண்டு மணி நேரம் வெயிலுக்குப் போகாமல் இருப்பது நல்லது. பொழுது சாய்ந்த பிறகு பிழிந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஒரு டம்ளருக்குப் பத்துப் புதினா இலை, நாலைந்து துளசி இலை. கரண்டிக் காம்பால் லேசாக அழுத்தினால் போதும், கூழாக்கினால் கசக்கும். அரைப் பழச் சாறு, மூன்று டீஸ்பூன் சர்க்கரைப் பாகு, ஐஸ், 120 மில்லி சோடா. வோட்கா 30 மில்லி, அதையும் பெக் மெஷரில் அளந்து ஊற்றுங்கள். இங்கே விற்கும் வோட்காவில் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால். அப்படியானால் 30 மில்லியிலேயே சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால் வந்துவிடுகிறது. புளிப்பும் இனிப்பும் சேரும்போது நாக்குக்குக் காரம் தெரியாது, கண்ணளவில் ஊற்றினால் 60 ஆனது தெரியாமலே போய்விடும். பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது, நானும் அதையே சொல்வேன். சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் கெடும், அரிப்புக்குச் செட்டிரிசின் போட்டிருந்தால் தூக்கம் அள்ளும். இவர்கள் வோட்காவை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கலந்து குடிக்கலாம், அதுவே நன்றாக இருக்கும்.

புண் வந்துவிட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போட்டு எடுங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் வந்தாலோ, சீழ் வைத்தாலோ அன்றே தோல் மருத்துவரைப் பாருங்கள். எங்கே போனாலும் "எலுமிச்சை பிழிந்தேன், வெயிலில் நின்றேன்" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள், எங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தத் தம்பியின் கொப்புளங்கள் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டன. கறுப்பு போகவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தபோது, கோடு முன்பைவிட எரிச்சலாக இருக்கிறது என்றார். விசாரித்தால், கருமை மறையட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தினமும் குளிக்கும் முன் எலுமிச்சைத் தோலைத் தேய்த்திருக்கிறார். அதை நிறுத்தச் சொல்லி, சன்ஸ்க்ரீன் எழுதிக் கொடுத்து, பைக் ஓட்டும்போது முழுக்கைச் சட்டை போடச் சொன்னேன். ஆவணி பிறந்த பிறகுதான் கோடு மங்க ஆரம்பித்தது.