குளிரும் ஊரில் முகம் ஏன் கருக்கிறது?

போன மே மாதம் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி மத்தியானம் சைக்கிள் ஓட்டினேன். நல்ல குளிர்காற்று, வெயில் உறைக்கவே இல்லை. மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தால் மூக்கும் கன்னமும் கன்றிப்போயிருந்தன, தொட்டால் எரிச்சல், கையில் வாட்ச் கட்டியிருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் பட்டையாகத் தெரிந்தது.

வெயிலில் நமக்குத் தெரிகிற சூடு அகச்சிவப்புக் கதிரும் சாதாரண வெளிச்சமும் தருவது. தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் கண்ணுக்கும் தெரியாது, சுடவும் செய்யாது. 1000 மீட்டர் மேலே ஏறினால் அது சுமார் 10 சதவீதம் கூடும். கொடைக்கானல் இருப்பதோ 2,100 மீட்டர் உயரத்தில். குளிரை நம்பித்தான் ஏமாறுகிறோம், மெல்லிய மேகத்தை நம்பியும்.

இந்தக் கதிரில் யுவி-பி என்ற வகை தோல் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவில் பட்டால், அதன் கட்டுமானத் துண்டுகளில் ஒன்றான தைமின் அடுத்தடுத்து இரண்டு இருந்தால், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலானவற்றை உடம்பே வெட்டியெடுத்துச் சரிசெய்துவிடும், தப்பியவை சேர்ந்துகொண்டே போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய்கூட வரலாம். எரிச்சல் தெரிவதற்கே சில மணி நேரம் ஆகும் என்பதால், எரியும்போது நிழலுக்கு ஓடிப் பயனில்லை.

நம் தோல் கருப்புதானே, என்ன ஆகிவிடும் என்பவர்கள் நிறைய. பாதி சரி. தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின், டிஎன்ஏ இருக்கும் உட்கருவுக்கு மேலே தொப்பி கவிழ்த்த மாதிரி குவிந்து நின்று காக்கிறது, அதனால் நமக்குத் தோல் புற்றுநோய் குறைவு. ஆனால் மங்கு எனும் கருந்திட்டு, கரும்புள்ளி இரண்டும் நமக்குத்தான் சீக்கிரம் வரும், வந்தால் லேசில் போகாது. யுவி-ஏ வகை ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருபவர்கள் இதை மறக்கக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கும் நேரம், முடிந்தவரை வெளியே நிற்காதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் முழுக்கைச் சட்டை, அகலமான தொப்பி. மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி நனைந்தால் கதிரை இன்னும் அதிகமாக உள்ளே விடும், ஆகவே துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அந்தப்பக்கம் தெரிந்தால் வேறு எடுங்கள். சன்ஸ்கிரீன் டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் (வெயிலில் தோல் கன்றாமல் எவ்வளவு காக்கும் என்பதன் அளவு), ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் தடவிச் சோதித்தது. நாம் போடுவது அதில் பாதிகூட இருக்காது. முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் போடுங்கள், காதையும் பின்கழுத்தையும் விட்டுவிடாதீர்கள்.