அணிலுக்குத் தடவல், ஓணானுக்குக் கல்லடி

ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். ஊர்ப்பக்கம் பிள்ளைகள் ஓணானைக் கண்டதும் கல்லெடுக்க இந்தக் கதைதான் நியாயம். ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டுப் பிடித்து வதைப்பதும் உண்டு. அணிலுக்கோ பாலம் கட்ட உதவிய பெருமை, முதுகில் மூன்று கோடு.

கால்நடை மருத்துவராக இதன் பலனை நேரில் பார்க்கிறேன். கூட்டிலிருந்து விழுந்த அணில்குட்டியைச் செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்துத் தூக்கி வருவார்கள். அடிபட்ட ஓணானை ஒருவரும் கொண்டுவந்ததில்லை.

பிறந்த குட்டிக்கு முடியும் இருக்காது, கோடும் தெரியாது. "ராமர் இன்னும் தடவலையா டாக்டர்?" என்று கேட்டாள் ஒரு சிறுமி. முடி வளர வளரத் தெரியும் என்றேன். வடக்கே ஐந்து கோட்டு அணில் இருப்பதைச் சொன்னதும், "அப்போ அங்க அஞ்சு விரலாலயும் தடவியிருப்பார்" என்று அவளே முடித்துவிட்டாள். நான் திருத்தவில்லை. மரப்பட்டையோடு கலந்து பருந்தின் கண்ணில் படாமலிருக்கக் கோடுகள் உதவும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இரண்டும் அவளுக்குப் பிடித்திருந்தது.

விழுந்த குட்டிக்குப் பசும்பால் புகட்டவே வேண்டாம். வயிற்றுப்போக்கு வரும், அவசரமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் கதகதப்பு கொடுங்கள். காயம் இல்லையென்றால் அதே மரத்தில், பூனைக்கு எட்டாத இடத்தில், திறந்த பெட்டியில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பல நேரம் தாயே வந்து கவ்விக்கொண்டு போகும்.

இப்போது ஓணான். தூரத்திலிருந்தே இரத்தம் உறிஞ்சும், அதனால்தான் கழுத்து சிவக்கிறது என்பார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வரும் நிறம் அது. தலையாட்டுவது, இன்னொரு ஆணிடம் 'இது என் இடம்' என்று சொல்லத்தான். விஷம் கிடையாது. எறும்பு, வெட்டுக்கிளி தின்று பிழைக்கிற பிராணி.

கதையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஹார்மோன் பாடம் நடத்த முடியுமா? ஆனால் பிராணி குற்றவாளியாகவும் பிள்ளைகள் தண்டனை தருபவர்களாகவும் வரும் கதையை மாற்றலாம். ஒரு பள்ளியில் அந்த வேலையைப் பிள்ளைகளிடமே விட்டேன். ஓணான் ஏன் தலையாட்டுகிறது?

"ராமர் தண்ணி கேட்டாரு. 'இதோ கொண்டாறேன்'னு தலையாட்டிட்டுப் போச்சு. வழியில வெட்டுக்கிளியப் பாத்ததும் மறந்துடுச்சு. இன்னும் 'கொண்டாறேன், கொண்டாறேன்'னு ஆட்டிக்கிட்டே இருக்கு" என்றான் ஒருவன்.

கழுத்து ஏன் சிவப்பு என்றேன்.

"அப்பப்போ ஞாபகம் வரும்ல, வெக்கம் சார்!"