கீல் இல்லாத இறக்கைகள்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் விடியற்காலையில் சிலம்பம் பழகும் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கம்பைத் தலைக்கு மேல் வீசும்போது அதன் நுனி கைக்குச் சற்றுப் பின்தங்கி, வளைந்தே வருகிறது. வீச்சின் வேகம் மாறும்போதெல்லாம் வளைவும் மாறுகிறது. கம்பில் கீல் எதுவும் கிடையாது. வளைந்துகொடுப்பது பிரம்பின் நார்தான். ஒருநாள் ஆசானிடம் கேட்டு நானும் ஒரு கம்பை வாங்கி வீசிப் பார்த்தேன். மணிக்கட்டை லேசாகத் திருப்பியதுமே நுனி நினைத்த பக்கம் போனது. கூடவே அதன் அதிர்வு முழங்கை வரை ஏறியது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால், இரட்டை எஞ்சின் கொண்ட இலகுரக ஹெலிகாப்டரின் பாதிச் சூட்சுமம் பிடிபட்டுவிடும்.

இந்த வகையில் உலகின் முதல் ஹெலிகாப்டர் ஜெர்மனியின் பி.ஓ. 105. பொல்கோவ் நிறுவனம் உருவாக்கிய அது, 1967 பிப்ரவரி 16 அன்று மியூனிக்கை அடுத்த ஓட்டோபுருன்னில் முதன்முறையாகப் பறந்தது. ‘இரண்டு எஞ்சின்’ என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அதன் உண்மையான சாதனை எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரங்கள் வந்து சேரும் நடுப்பகுதியைக் குடம் என்கிறோமே, அதுபோல நான்கு இறக்கைகளும் வந்து சேரும் குடம்.

குடமும் இறக்கைகளும் சேர்ந்ததுதான் சுழலி. பி.ஓ. 105-இன் சுழலி 9.84 மீட்டர் விட்டம் கொண்டது; நிமிடத்துக்கு 424 சுற்று சுற்றுகிறது. கணக்குப் போட்டால் இறக்கை நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 785 கிலோமீட்டர். ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே மிதக்கும்போது இதனால் சிக்கல் இல்லை. அது மணிக்கு 205 கிலோமீட்டரில் முன்னோக்கிப் பறக்கிறது என்று வையுங்கள். ஒரு பக்கம் காற்றை எதிர்த்து வரும் இறக்கை நுனிக்கு வேகம் 990 ஆகிவிடும். மறுபக்கம் பின்வாங்கிச் செல்லும் நுனிக்கு 580தான். தூக்குவிசை வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், ஒரு நுனியில் மற்றதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விசை பிறக்கும். அதை அப்படியே விட்டால் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் புரண்டுவிடும்.

ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் டி லா சியர்வாவின் முதல் சுழலி விமானங்கள் இப்படித்தான் புரண்டன. ஆனால் அவர் செய்த சிறிய மாதிரி மட்டும் ஒழுங்காகப் பறந்தது. காரணம், மாதிரியின் இறக்கைகளைப் பிரம்பில் செய்திருந்தார்! விசை கூடும் பக்கத்தில் பிரம்பு மேலே வளைந்து, மிஞ்சிய விசையைத் தானே தணித்துக்கொண்டது. பெரிய விமானத்தின் விறைப்பான இறக்கையால் அது முடியவில்லை. எனவே ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் ஒரு கீல் வைத்து, மேலும் கீழும் அசைய விட்டார். 1923 ஜனவரியில் அந்த விமானம் பறந்தது. அதன்பின் வந்த ஹெலிகாப்டர்களில் முன்பின் அசைவுக்கும் ஒரு கீல் சேர்ந்தது. கீல், தாங்கி (பேரிங்), அதிர்வுத்தாங்கி, கிரீஸ் என்று குடம் ஒரு பட்டறையே ஆகிவிட்டது. அத்தனையையும் விடாமல் பராமரிக்க வேண்டும்.

பி.ஓ. 105 மீண்டும் பிரம்புக்கே திரும்பியது என்று தைரியமாகச் சொல்லலாம். குடம் டைட்டானியத்தால் ஆன ஒரே திடமான துண்டு. மேல்-கீழ் கீலும் இல்லை, முன்-பின் கீலும் இல்லை. இறக்கை தன் நீளவாக்கில் திரும்புவதற்கான தாங்கி மட்டும் உண்டு. வளைவதெல்லாம் கண்ணாடி இழையால் செய்த இறக்கையின் அடிப்பகுதிதான். இழைகள் நீளவாக்கில் ஓடுவதால் சுழற்சியின் இழுவிசையைத் தாங்கும். குறுக்கே வளைந்தும் கொடுக்கும். உலோகத்தில் ஒரு விரிசல் விழுந்தால் அது ஓடிக்கொண்டே போகும். இழையிலோ, தேங்காய் நார்க்கயிற்றில் ஒரு புரி அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்வதைப் போல, சேதம் மெதுவாகத்தான் பரவும்.

இந்த இடத்துக்கு எளிதில் வந்து சேரவில்லை. முதல் மாதிரியில் வேறொரு ஹெலிகாப்டரின் சுழலியைப் பொருத்தித் தரையில் ஓட்டிப் பார்த்தபோது, அதிர்வு அதிர்வை வளர்த்து இயந்திரமே சிதைந்துபோனது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளத் தள்ள அது உயர்கிறதல்லவா? அதுபோல இறக்கைகளின் தள்ளாட்டமும் தரையில் நிற்கும் கால்களின் ஆட்டமும் ஒத்துப்போனால் சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். பறந்தது இரண்டாவது மாதிரி.

கீல் இல்லாததால் கிடைத்த பெரிய லாபம், சொன்னவுடன் கேட்கும் குணம். கீல் வைத்த ஹெலிகாப்டரில் உடல், சுழலியின் கீழே கூடைபோலத் தொங்குகிறது. சுழலி சாய்ந்து சற்று நேரம் கழித்துத்தான் உடல் சாயும். கீல் இல்லாவிட்டால், சிலம்பக் கம்பும் மணிக்கட்டும் போல, சுழலி தன் சாய்வை நேரே உடலுக்குக் கடத்துகிறது. வானில் தலைகீழாகச் சுழன்று வரவும் பி.ஓ. 105-ஆல் முடிகிறது. காற்று சுழன்றடிக்கும் மலைச்சரிவில் இறங்கும்போது இந்தக் குணம் உயிர் காக்கும். விலையாக, முழங்கைக்கு ஏறிய அதே அதிர்வு இங்கே உடல் முழுவதற்கும் ஏறுகிறது.

நம் நாட்டின் துருவ் ஹெலிகாப்டரும் இந்தக் குடும்பம்தான். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 1984-இல் அதே ஜெர்மன் நிறுவனத்தின் வழித்தோன்றலோடு கைகோத்து வேலையைத் தொடங்கியது. 1992 ஆகஸ்ட் 20 அன்று பெங்களூருவில் துருவ் பறந்தது. 2002-இல் படைகளில் சேர்ந்தது. எடை 5.5 டன் வரை. சுழலியின் விட்டம் 13.2 மீட்டர். குடத்தில் டைட்டானியத் துண்டுக்குப் பதில் கார்பன் இழைத் தகடுகள் இரண்டும், நடுவே ரப்பர் அடுக்குத் தாங்கிகளும். கியர்பாக்ஸுக்கும் உடலுக்கும் இடையே அதிர்வைத் தடுக்கும் அமைப்பு ஒன்றையும் வைத்திருக்கிறார்கள்.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். பி.ஓ. 105-இன் அலிசன் 250 எஞ்சின் ஒன்று ஏறக்குறைய ஓர் அரிசி மூட்டையின் எடைதான், சுமார் 72 கிலோ. ஆனால் தருவது 420 குதிரைத்திறன். இப்படிச் சிறிய டர்பைன் எஞ்சின் வந்ததால்தான் சிறிய ஹெலிகாப்டரில் இரண்டை வைக்க முடிந்தது. இரண்டும் ஒரே கியர்பாக்ஸைச் சுழற்றுகின்றன. ஒன்று நின்றுபோனால் மற்றதற்குச் சுமையாகிவிடாதா? ஆகாது. சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் பின்சக்கரம் ‘டிக் டிக்’ என்று ஓடிக்கொண்டிருக்கிறதே, அந்த ஃப்ரீவீல் தத்துவம்தான் இங்கும். நின்ற எஞ்சின் தானாகக் கழன்றுகொள்ளும். மற்றது, அவசரத்துக்கென அனுமதிக்கப்பட்ட கூடுதல் திறனைச் சில நிமிடங்கள் கொடுத்துத் தாங்கிப் பிடிக்கும்.

ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டரும் எஞ்சின் நின்றவுடன் கல்போல விழாது; சுழலி காற்றிலேயே சுற்ற, அதை இறக்கிவிடலாம். ஆனால் இறங்க வெட்டவெளி வேண்டும். மேலூர்ப் பக்கத்து வயல்களில் இடம் கிடைக்கும். மாசி வீதிகளின் மேல் எங்கே இறங்குவது? நகரத்து மருத்துவமனைக்கு வரும் ஹெலிகாப்டருக்கு இரண்டாவது எஞ்சின் தேவைப்படுவது இதனால்தான்.

வெயிலையும் மறக்கக் கூடாது. சித்திரைத் திருவிழாச் சமயத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டால், 15 டிகிரியில் இருப்பதைவிடக் காற்று 8 சதவீதம் அடர்த்தி குறைந்துவிடும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு குறையும். அப்போது ஒரு எஞ்சினும் நின்றுவிட்டால் பறந்துகொண்டே இருக்க முடியுமா என்ற கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் விமானி ஆட்களையும் எரிபொருளையும் ஏற்றுவார்.

1970 நவம்பரில் மியூனிக்கில் பி.ஓ. 105 ஒன்று ‘கிறிஸ்டோஃப் 1’ என்ற பெயரில் மருத்துவ சேவையைத் தொடங்கியது. அதன் பின்பக்கத்தில் சிப்பிபோல இரண்டாகத் திறக்கும் கதவு. ஸ்ட்ரெச்சரை நேராக உள்ளே தள்ளிவிடலாம். வால் சுழலி ஆள் உயரத்துக்கு மேலே இருப்பதால் பின்னால் வருபவர்களுக்கு அடிபடாது. துருவிலும் இதே பின்கதவு உண்டு. கொடைக்கானலில் இருந்து மதுரைக்கு வான்வழியில் சுமார் 75 கிலோமீட்டர்தான். மலைப்பாதையில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாத அந்தத் தூரத்தை இத்தகைய ஹெலிகாப்டர் அரை மணிக்குள் கடந்துவிடும். மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டவருக்கு அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை யோசிக்கும்போதெல்லாம், தென்மாவட்டங்களுக்கு இப்படியொரு நிரந்தர சேவை வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் வெள்ளத்துக்கு நடுவே சிக்கினர். சாலையும் தண்டவாளமும் அரித்துப்போயிருந்ததால், உணவுப் பொட்டலங்கள் வானிலிருந்துதான் இறங்கின. கர்ப்பிணி உள்ளிட்டோரை ஹெலிகாப்டர் தூக்கிச் சென்றது.

எஞ்சின் இரண்டு உண்டு, குடம் ஒன்றுதான். விமானியின் கையசைவை இறக்கைகளுக்குக் கொண்டுசெல்லும் ஸ்வாஷ்பிளேட்டும் ஒன்றுதான். அதில் கீழ்த்தட்டு சுழலாமல் சாய மட்டும் செய்யும். மேல்தட்டு அதே சாய்வில் இறக்கைகளோடு சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் அவற்றை ஓரிடத்தில் கூடுதலாகவும் எதிர்ப்புறம் குறைவாகவும் திருப்பிவிடும். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் உயிரிழந்தனர். விசாரணையில் ஸ்வாஷ்பிளேட் முறிந்திருந்தது தெரியவந்தது. நாடு முழுவதும் துருவ் ஹெலிகாப்டர்கள் மாதக்கணக்கில் தரையிலேயே நின்றன.