செலிபிரன்ட்: கொண்டாடுபவர் அல்ல, நடத்திவைப்பவர்

ஆஸ்திரேலியாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய காட்பாடி, சத்துவாச்சாரி வீடுகளில் இந்தச் சொல் இப்போது காதில் விழுகிறது. “அங்கே செலிபிரன்ட் முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டாங்க, இங்கே வள்ளிமலையில தாலி கட்டுறாங்க” என்பார்கள். அவசரத்தில் தமிழாக்கினால் ‘கொண்டாடுபவர்’ என்று வந்துவிடும். அது தவறு. கல்யாணத்தைக் கொண்டாடுவது பந்தலில் இருக்கும் எல்லோரும். அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லும் என்று பொறுப்பேற்பவரே செலிபிரன்ட்.

சொல்லின் வேர் லத்தீன். ‘செலிபர்’ என்றால் ஆட்கள் நிறைந்த, கூட்டம் கூடிய என்று பொருள். பலர் கூடிய இடத்தில் ஒன்றை முறைப்படி செய்வது என்று அது வளர்ந்து, திருப்பலி நிறைவேற்றும் குருவுக்குப் பெயரானது. 1973-ல் ஆஸ்திரேலிய அட்டர்னி ஜெனரல் லயனல் மர்ஃபி, மதச் சடங்கு வேண்டாம் என்பவர்களுக்கு மணம் செய்துவைக்கப் பொதுமக்களிலிருந்தே ஆட்களை நியமிக்கத் தொடங்கினார். அப்போது அந்தச் சொல் தேவாலயத்துக்கு வெளியிலும் வேரூன்றியது. இன்று அங்கே இந்த வேலைக்குத் தனிப் படிப்பு, பதிவு, தொடர் பயிற்சி, எழுதி வைத்த நடத்தை நெறி எல்லாம் உண்டு. மணமக்கள் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். இருவரின் வயது என்ன, முந்தைய திருமணம் இருந்தால் அது முடிந்துவிட்டதா, இருவரும் மனமொத்து வந்திருக்கிறார்களா என்று செலிபிரன்ட் பார்க்க வேண்டும். கடமை தவறினால் பதிவை நிறுத்திவைக்கலாம், நீக்கவும் செய்யலாம்.

சரி, நம்மிடம் இதற்கு என்ன சொல்? பலரும் ‘புரோகிதர்’ என்பார்கள். வடமொழியில் அதற்கு ‘முன்னே வைக்கப்பட்டவர்’ என்று பொருள். ரிக் வேதத்தின் முதல் பாட்டு அக்கினியைப் புரோகிதன் என்கிறது. மந்திரமும் முறையும் அறிந்தவர் என்பதை அந்தச் சொல் சொல்லும். அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்லும் வரி தொல்காப்பியத்தில் இருக்கிறது: ‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப.’ பெண்ணோடு பழகிவிட்டு ‘இவளை எனக்குத் தெரியாது’ என்பது பொய். ஏற்றுக்கொண்ட பிறகு கைவிடுவது வழு. இரண்டும் தலைதூக்கியதால்தான் பெரியோர் கரணத்தை, அதாவது மணச் சடங்கை, வகுத்தார்கள். சடங்கே ஒரு கண்காணிப்பாகத்தான் பிறந்தது என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. இங்கே ‘ஐயர்’ சாதிப் பெயர் இல்லை, மதிப்புக்குரிய பெரியோர். வேலூர் மண்டபங்களில் இன்றும் “ஐயர் வந்தாச்சா?” என்றுதான் கேட்கிறோம், பழைய சி.எஸ்.ஐ. குடும்பங்களில் போதகரையும் ஐயர் என்பார்கள். அகநானூற்றின் 86ஆம் பாட்டிலோ, மகனைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர்தான் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். ‘மாமுது பார்ப்பான் மறைவழி காட்டிட’ மணம் நடப்பதைச் சிலப்பதிகாரத்தில் பார்க்கிறோம்.

‘கரணத்தார்’ என்று புதிதாக ஆக்கலாமே என்றால், வடார்க்காட்டுக்காரர்களுக்குச் சிக்கல். இங்கே கர்ணம் என்றால் ஊர்க் கணக்கர். 1980-ல் அந்தப் பதவி போன பிறகும் பெரியவர்கள் நாவில் சொல் போகவில்லை. ‘திருமண நடத்துநர்’ என்றால் பேருந்து நினைவுக்கு வரும்.

மக்கள் வாயில் இருக்கும் வினையைக் கவனித்தால் விடை கிடைக்கிறது. ஐயர் கல்யாணம் ‘பண்ணி வைத்தார்’. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காஜியார் நிக்காஹ் ‘ஓதி வைத்தார்’. போதகரோ கட்சித் தலைவரோ ‘நடத்தி வைத்தார்’. மதம் மாறினாலும் ‘வை’ மாறவில்லை. மணம் செய்துகொள்பவர்கள் அந்த இருவர். மற்றவர் பொறுப்பேற்று அதை நிறைவேற்றித் தருபவர். ஆகவே, ‘மணம் நடத்திவைப்பவர்’ என்பதே என் தேர்வு. கொஞ்சம் நீளம்தான், ஆனால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பொறுப்பை நம் சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வைக்கவில்லை. 1872-ன் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரம் இல்லாமல் மணம் நடத்திவைத்தால் பத்து ஆண்டு வரை சிறை. காஜியை அரசு நியமிக்க 1880-ன் சட்டம் இடம் தருகிறது, ஆனால் நிக்காஹுக்கு அவர் வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. இந்துத் திருமணத்தில் நடத்திவைப்பவருக்கு உரிமமும் இல்லை, பதிவேடும் இல்லை. அண்ணா ஆட்சியில் 1967-ல் தமிழ்நாட்டுக்காக இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். வழக்கறிஞரும் நண்பர் என்ற முறையில் உடனிருக்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தச் சுதந்திரம் நமக்குப் பெருமை. இதைக் காரணம் காட்டி உரிமம் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன்.

ஆனால் ஒரு சட்டம் எல்லோரையும் பிடிக்கும். 2006-ன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, மணம் நடத்திவைப்பவரை நேரடியாகக் குறிவைக்கிறது: இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்ததை அவரேதான் நிரூபிக்க வேண்டும். ‘வீட்டார் சொன்னார்கள், நான் மந்திரம்தான் சொன்னேன்’ என்பது எடுபடாது. முகூர்த்தம் குறித்துத் தரும்போதே பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ கேட்டு வாங்கிப் பார்ப்பது அந்தப் பெண்ணுக்கும் நல்லது, நடத்திவைப்பவருக்கும் நல்லது. சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லலாம். கல்யாணம் முடிந்த 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2009-ன் சட்டம் சொல்வதையும் மணமக்களுக்கு அவரே நினைவூட்டலாம்.

பன்மையில் ‘மணம் நடத்திவைப்போர்’ என்று எழுதுங்கள். அவர்களுக்கான விதிகளை ‘மணம் நடத்திவைப்போர் நடத்தை நெறி’ என்றும், தவறுக்காகப் பெயரை எடுத்துவிடுவதைப் ‘பதிவு நீக்கம்’ என்றும் சொல்லலாம். ஆஸ்திரேலியச் சான்றிதழைத் தமிழில் பெயர்க்கும்போது அந்தக் கையெழுத்துக்குக் கீழே ‘கொண்டாடுபவர்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.