உங்கள் இணையத்தளத்துக்கு ஆட்கள் வராமல் இல்லை. வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள்

மாரி முடிந்து கடல் அடங்கத் தொடங்கும் பங்குனிக் கடைசியில், இணையத்தளம் செய்து கொடுக்கும் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிக்காரர்கள், புறாமலைத் தீவுக்குப் படகு விடுகிறவர்கள், இடையிடையே நகருக்குள் மணவறை அலங்காரம் செய்கிறவர்கள் என்று அழைப்பவர்கள்தான் மாறுவார்களே தவிர, பேச்சு மாறுவதில்லை. "தம்பி, சைட்டால ஒரு பிரயோசனமும் இல்லை. ஆக்கள் வாற மாதிரி ஒரு பூஸ்ட் போட்டு விடுங்கோ." இந்த முறை நிலாவெளியில் விடுதி நடத்தும் அண்ணன் ஒருவர் அப்படிக் கேட்டபோது, பூஸ்ட், அதாவது காசு கட்டிப் போடும் இணைய விளம்பரம், போட மாட்டேன் என்று மறுத்துவிட்டேன். ஏன் மறுத்தேன் என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டதால், எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதிவைக்கிறேன்.

அவருடைய விடுதித் திண்ணையில் உட்கார்ந்து, அவருடைய கைபேசியிலேயே வைஃபையை அணைத்துவிட்டு, அவருடைய தளத்தைத் திறக்கச் சொன்னேன். வெள்ளைத் திரையின் நடுவே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன். பதினான்கு வந்தபோது, "போன் பழுதோ தெரியேல்லை" என்றார். கைபேசி நன்றாகத்தான் இருந்தது. திரையில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, நல்ல கமராவில் எடுத்து அளவைக் குறைக்காமல் அப்படியே ஏற்றிய கோணேசர் கோயில் சூரிய உதயப் படம். அதற்குப் பின்னால் இன்னும் ஐந்து படங்கள் வரிசையில் காத்திருந்தன. ஒவ்வொன்றும் 5 மெகாபைட்டுக்குக் குறையாது. எல்லாம் இறங்கிய பிறகு, "எமது இணையத்தளத்திற்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்ற வாசகம் இடமிருந்து வலமாக ஓடியது. அறை வாடகை எவ்வளவு என்று எங்குமே எழுதியிருக்கவில்லை. தொலைபேசி எண் அடிப்பக்கத்தில், படத்துக்குள் பொறிக்கப்பட்டிருந்ததால், விரலால் தட்டினால் அழைப்புப் போகவில்லை.

இன்னும் மோசமானது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தளத்திலுள்ள விசாரணைப் படிவத்தை நிரப்பினால் அது எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. தேடிக் கண்டுபிடித்து உள்ளே போனபோது, திறக்கப்படாத விசாரணைகள் 43 கிடந்தன. அவற்றில் ஒன்று, ஆடி மாதத்தில் ஊருக்கு வரவிருந்த ஒரு புலம்பெயர் குடும்பத்தினுடையது: நான்கு அறைகள், ஆறு இரவுகள். அதே குடும்பத்தின் இரண்டாவது மடல் எட்டு நாட்களுக்குப் பின் வந்திருந்தது. பதில் கிடைக்காததால் பாசிக்குடாவில் இடம் பிடித்துவிட்டோம் என்று, கோபமே இல்லாமல், நன்றியும் சொல்லி எழுதியிருந்தார்கள். அண்ணன் அதை இரண்டு முறை வாசித்தார். பூஸ்ட் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை.

ஓட்டைப் பானைக்குப் பெரிய குழாய் போட்டுத் தரச் சொல்லித்தான் என்னை அழைக்கிறீர்கள். நூறு பேர் வந்து ஒருவர் அழைக்கும் தளத்துக்கு விளம்பரம் கொடுத்து இருநூறு பேரைக் கொண்டுவந்தால், இரண்டு பேர் அழைப்பார்கள். விளம்பரக் காசு நின்ற அன்றே அந்த இரண்டாமவரும் நின்றுவிடுவார். அதே நூறு பேரில் இருவர் அழைக்கும்படி தளத்தைத் திருத்தினால், அந்த இரண்டாமவருக்காக மாதாமாதம் நீங்கள் எவருக்கும் காசு கட்டத் தேவையில்லை. எங்கள் தொழிலில் இதைக் கன்வேர்ஷன் என்பார்கள். தமிழில் சொன்னால், வாசலுக்கு வந்தவரை வாடிக்கையாளராக்குவது.

இனி, எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் விடயத்துக்கு வருகிறேன். அது விலை.

"விலையைப் போட்டால் ஆக்கள் பயந்து ஓடிவிடுவார்கள்" என்பது இந்த ஊரில் தொழில் செய்கிறவர்களில் பெரும்பாலோரின் அசைக்க முடியாத நம்பிக்கை. முகநூலில் "விலைக்கு இன்பொக்ஸ் வரவும்" என்று எழுதிப் பழகிய கை, இணையத்தளத்திலும் அதையே எழுதுகிறது. ஓடுகிறவர் விலையைத் தொலைபேசியில் கேட்டாலும் ஓடத்தான் போகிறார். அதற்கு முன் உங்கள் பத்து நிமிடத்தையும் எடுத்துக்கொண்டு ஓடுவார் என்பதுதான் வேறுபாடு. விலை கட்டுப்படியாகக்கூடிய ஆளோ, விலை தெரியாத இடத்தில் நிற்க விரும்பாமல், தெரிகிற இடத்துக்குப் போய்விடுகிறார். விலை எழுதாத இடத்தில் மனிதர்கள் தாமாகவே ஒரு விலையை ஊகித்துக்கொள்கிறார்கள் என்பதையும், அந்த ஊகம் உண்மை விலையைவிடக் குறைவாக இருப்பதை நான் கண்டதேயில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

பக்கத்து விடுதிக்காரன் பார்த்துவிடுவான் என்பது அடுத்த வாதம். அவனுக்கு உங்கள் விலை தெரிய வேண்டுமானால் ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அதுவும் தேவையில்லை, ஏனென்றால் அறை முன்பதிவுத் தளமான புக்கிங் டொட் கொம்மில் உங்கள் விலை உலகத்துக்கே தெரியக் கிடக்கிறது. உங்கள் தளத்தில் விலையைத் தேடிச் சலித்த அதே ஆள், அங்கே போய் உங்கள் அறையையே எடுக்கிறார். நான் சொன்ன அண்ணன், தம்முடைய சொந்தத் தளத்தில் விலையை ஒளித்துவைத்ததற்காக, அப்படி வரும் ஒவ்வோர் அறைக்கும் 15 வீதம் தரகு கட்டிக்கொண்டிருந்தார்.

நேரில் பேசினால் ஆளை மடக்கிவிடலாம் என்கிறீர்கள். கடையில் அது உண்மை. வெயிலில் நடந்து வந்து, உட்கார்ந்து, சோடாவும் குடித்துவிட்ட மனிதர் எழுந்து போகக் கூச்சப்படுவார். இணையத்தில் அடுத்த கடை ஒரு தட்டில் திறக்கிறது. கூச்சப்பட அங்கே எவரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அதோடு, டொரொன்டோவில் இருப்பவர் ஓய்வாக உட்கார்ந்து தேடும் நேரத்தில் இங்கே உங்களுக்கு விடிந்தும் இருக்காது. குருநாகலிலிருந்து பிள்ளைகளோடு வர நினைக்கும் சிங்களக் குடும்பத்துக்கு, எந்த மொழியில் பேசுவது என்ற தயக்கம் இருக்கும். இவர்கள் இருவருமே விலை கேட்பதற்காக மட்டும் உங்களை அழைக்க மாட்டார்கள்.

சீசனுக்குச் சீசன் விலை மாறும் என்பது ஒன்றுதான் நியாயமான காரணம், அதற்கும் வழி உண்டு. "சித்திரை முதல் புரட்டாதி வரை, இருவருக்கான அறை, காலை உணவுடன், இத்தனை ரூபா, மற்ற மாதங்களில் இத்தனை" என்று இரண்டு வரி எழுதினால் முடிந்தது. படகுக்காரர்களும் அவ்வாறே எழுதலாம்: எத்தனை பேருக்கு எவ்வளவு, எத்தனை மணிநேரம், உயிர்காப்பு அங்கியும் நீர்மூழ்கிக் கண்ணாடியும் அதற்குள் அடங்குமா என்பவற்றோடு, புறாமலை தேசிய பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குக் கட்டவேண்டிய நுழைவுக் கட்டணம் அந்த விலைக்குள் அடங்குமா, அடங்காதா என்பதையும் எழுதுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும் தளத்தை நான் இங்கே அரிதாகவே பார்த்திருக்கிறேன். கடற்கரையில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதிக்கு அதுதான் காரணம்.

எவரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணமும் எனக்குத் தெரியும். ஆளைப் பார்த்து, குரலைக் கேட்டு, எந்த நாட்டிலிருந்து அழைக்கிறார் என்று அறிந்துகொண்ட பிறகுதான் விலை வைக்கிறீர்கள். அதை நான் திருத்த வரவில்லை. ஆனால் வாடிக்கையாளருக்கும் அது தெரியும். விலையில்லாத தளத்தைப் பார்த்தவுடனே அவருக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. கடைக்குள் விலையைக் காட்சிப்படுத்தவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்வதால் அங்கே பலகை தொங்குகிறது. அதிகாரிக்குப் பயந்து செய்வதை வாடிக்கையாளருக்காகவும் செய்தால் என்ன?

மற்றவை எளிமையானவை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 வினாடிக்குள் திரையில் தெரியவேண்டும் என்பது கூகுளின் அளவுகோல், 4 வினாடியைத் தாண்டினால் மோசம் என்று அதே கூகுள் குறித்துவிடும். படங்களை 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற சிக்கனமான பட வடிவில் சேமித்தால் பெரும்பாலானவை 200 கிலோபைட் அளவுக்குள் அடங்கும். மாலைதீவுக் குடில் படத்தை இணையத்திலிருந்து இறக்கி உங்கள் விடுதியென்று போடாதீர்கள். வருகிறவர் கூகுள் வரைபடத்தில் விருந்தினர்கள் போட்ட படத்தையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். துவைத்த விரிப்போடு உங்கள் அறையை, யன்னலைத் திறந்துவைத்து, பகல் வெளிச்சத்தில் நீங்களே எடுத்த படம் அதைவிட ஆயிரம் மடங்கு மேல். நாதஸ்வர இசை தானாக ஒலிக்கும் மணவறைத் தளங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அலுவலகத்தில் ஒளித்துப் பார்த்துக்கொண்டிருந்த மணமகள் எப்படித் துடித்துப்போய் அதை மூடியிருப்பாள் என்று நினைத்துப்பாருங்கள்.

தொலைபேசி எண்ணை எல்லாப் பக்கங்களின் உச்சியிலும், தட்டினால் அழைப்புப் போகும்படி போடுங்கள். முன்னாலுள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருப்பவர் தட்டும்போது அழைப்புப் போகாது. வட்ஸ்அப் இணைப்பிலும் பூச்சியமில்லாமல் 94 என்றே எண் தொடங்கவேண்டும், + குறி மட்டும் அங்கே வேண்டாம்.

படிவத்தில் பெயர், எண், வரும் தேதி, எத்தனை பேர் என்பவை போதும். ஒரு தளத்தில் அறை விசாரிப்பதற்கே தேசிய அடையாள அட்டை இலக்கம் கேட்டிருந்தார்கள். விசாரிக்க வந்தவரிடம் அதை ஏன் கேட்கிறீர்கள்? தேவைக்கு மேற்பட்ட தனிப்பட்ட தரவுகளைத் திரட்டக்கூடாது என்ற கொள்கை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது. தளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லையென்றால் 2018 ஆடி மாதத்திலிருந்து குரோம் உலாவி முகவரிக்குப் பக்கத்தில் "பாதுகாப்பற்றது" என்று காட்டிக்கொண்டிருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகிறது.

தமிழைப் பற்றித் தனியாக ஒரு வேண்டுகோள். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்துத் தந்ததை அப்படியே தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கூகுளுக்கும் அது தமிழ் என்று புரியாது. அதற்குப் பயந்து எல்லாவற்றையும் படமாக்கிப் போடுவது அடுத்த தவறு. எல்லாக் கைபேசிகளிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, தயவுசெய்து மாற்றுங்கள்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களும் இதில் குற்றமற்றவர்கள் இல்லை. ஓடும் எழுத்தையும் சுழலும் படத்தையும் காட்டினால் உரிமையாளர் உடனே காசு தருவார், "உங்கள் விலை எங்கே?" என்று கேட்டால் முகம் சுளிப்பார். நானும் தொடக்கத்தில் அப்படிச் சுழலும் படங்கள் பல செய்து கொடுத்திருக்கிறேன், அவற்றில் சில இன்னும் சுழன்றுகொண்டிருக்கின்றன. இப்போது சிலர், ஒரே பக்கத்தை இரண்டு விதமாகச் செய்து பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு மற்றதும் காட்டி ஒப்பிடும் சோதனையை விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். மாதத்துக்குச் சில நூறு பேர் மட்டும் வரும் தளத்தில் அந்த எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள். மாறாக, உங்கள் தொழிலைப் பற்றி எதுவும் தெரியாத ஐந்து பேரிடம் கைபேசியைக் கொடுத்து, "அடுத்த சனிக்கிழமைக்கு ஓர் அறை எடுங்கள்" என்று சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். அவர்கள் எங்கே விரலை நிறுத்துகிறார்களோ அங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது. இதை மாரியில், விடுதி காலியாகக் கிடக்கும்போது செய்யவேண்டும். சீசன் தொடங்கிய பிறகு என்னை அழைத்தால், நானும் ஓடி ஓடித்தான் செய்வேன்.

அண்ணனின் தளத்தில் இப்போது எண் உச்சியில் இருக்கிறது, படங்கள் சிறியவை, விசாரணைகள் அவருடைய மகளின் வட்ஸ்அப்புக்குப் போகின்றன. விலையும் போட்டுவிட்டோம், கடலைப் பார்த்த மேல்மாடி அறைக்கு மட்டும் இன்னும் "விலைக்கு அழைக்கவும்" என்றுதான் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி மூன்று முறை பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போகிறேன்.