தரம்: மரத்தைச் சொல்கிறதா, பலகையைச் சொல்கிறதா?

வீட்டின் பழைய ஓட்டுக்கூரையைப் பிரித்து மாற்றியபோது மரக்கடையில் நான் அதிகம் கேட்ட சொல் ‘முதல் தரம்’. அடுக்கி வைத்திருந்த வேம்பைக் காட்டி, “நாட்டு மரம்தான், ஆனால் முதல் தரம்” என்றார் கடைக்காரர். பக்கத்தில் இருந்த தேக்கைத் தட்டிக்காட்டி, “தரம் என்றால் இதுதான் முதல் தரம்” என்றார். முதலில் சொன்னது கையிலிருந்த பலகையைப் பற்றி. இரண்டாவது மரத்தின் இனத்தைப் பற்றி. அவர் பொய் சொல்லவில்லை. நாமெல்லாரும் இந்தச் சொல்லை இப்படித்தான் கலந்து கட்டிப் பேசுகிறோம்.

பலகையின் தரத்தைப் பார்த்து ஒதுக்கும் வேலைக்குக் கட்டுமானத்தில் இன்று புழங்கும் சொல் ‘கிரேடிங்’. லத்தீனில் ‘கிராதுஸ்’ என்றால் காலெடுத்து வைக்கும் படி. டிகிரியும் கிராஜுவேட்டும் அதே வேரில் வந்தவை. அந்தக் கணக்கில் தமிழில் ‘படி’ என்ற சொல்லே இதற்கு நேராக அமைந்திருக்க வேண்டும். ஆனால் படிக்கு ஏற்கெனவே வேலை அதிகம். மாடிக்குப் படி, அரிசிக்குப் படி, கடிதத்துக்குப் படி. போதாததற்குப் பள்ளிக்கூடத்தில் வேறு படி. எனவே அந்த இடத்தில் ‘தரம்’ உட்கார்ந்துகொண்டது.

வடமொழியில் ஒப்புநோக்கும் விகுதிகளான ‘தர’, ‘தம’ இரண்டும் சேர்ந்ததே தாரதம்மியம். தரத்தையும் அந்தக் குடும்பத்தோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். எங்கிருந்து வந்தாலும் தமிழ் மண்ணில் அது ஊன்றிய இடம் வயல். கல்வெட்டுகளில் ‘தரமிலி’ என்றொரு சொல் வரும்: தீர்வை, அதாவது நிலவரி, விதிக்கப்படாத நிலம். இன்றைக்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள, நில விவரங்கள் எழுதிய ‘அ’ பதிவேட்டைத் திறந்தால் ‘மண் வயனமும் ரகமும்’ ஒரு பத்தியிலும் ‘தரம்’ வேறொரு பத்தியிலும் இருக்கும். வருவாய்த் துறைக்காரர்கள் மரக்கடைக்காரரைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். மண் எந்த வகை என்பது ஒன்று, இந்தத் துண்டு நிலம் எத்தனையாவது நிலையில் நிற்கிறது என்பது வேறொன்று. கரிசலாக இருப்பதாலேயே ஒரு புலம் முதல் தரமாகிவிடாது.

தரத்துக்கு ‘தடவை’ என்ற பொருளும் உண்டு. மர ஏலத்தில் “ஒரு தரம்… இரண்டு தரம்… மூன்று தரம்” என்று கூவி முடிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், ஏலக் கிடங்கில் பலகையின் தரம் பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை. கேரள வனத்துறைக் கிடங்குகளில் தேக்குக் கட்டைகளை முதன்மையாக நடுச்சுற்றளவை வைத்தே வகுப்பு பிரிக்கிறார்கள். பெருத்த கட்டை மேல் வகுப்பு, சிறுத்தது கீழ் வகுப்பு. அது விற்பவனுக்கு உதவும் பிரிப்பு. அறுத்து உத்தரமாக ஏற்றிய பிறகு அது எவ்வளவு தாங்கும் என்று அந்த வகுப்பு சொல்லாது.

இனி ‘கிரேடிங்’ என்ற செயலுக்கு என்ன பெயர் வைப்பது? ‘தர நிர்ணயம்’ பொருந்தாது. அது அளவுகோலையே வகுக்கும் வேலை, அமைவனங்கள் செய்வது. ‘தரப்படுத்தல்’ எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. மேலும் இலங்கைத் தமிழர் காதில் இந்தச் சொல் வேறு விதமாக ஒலிக்கும். 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவர்களைப் பாதித்த கொள்கைக்கு அதுதான் பெயர். யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் ‘மரங்களைத் தரப்படுத்த வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகம் மாறும். ‘வகைப்படுத்தல்’ இனம் பிரிப்பதற்குச் சரி. ஒரே இன மரத்தில் ஒவ்வொரு துண்டையும் கையிலெடுத்துப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் சுமாரானதை இன்னொரு பக்கமும் அடுக்குவதற்குத் ‘தரம் பிரித்தல்’ என்பதே சொல். வெற்றிலைக்கும் மிளகாய் வற்றலுக்கும் நாம் செய்வது அதைத்தானே?

இந்திய விதிமுறையும் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. கட்டட மர வடிவமைப்புக்கான ஐ.எஸ். 883, இனங்களை வலுவும் விறைப்பும் பார்த்து ஏ, பி, சி என்று மூன்று கூட்டமாக்குகிறது. இது இனத்தின் கணக்கு. அதற்குப் பிறகு, எந்தக் கூட்டத்து மரமானாலும், அதன் ஒவ்வொரு துண்டும் மூன்று தரங்களில் ஒன்றில் விழ வேண்டும்: செலக்ட், முதல் தரம், இரண்டாம் தரம். ஆம், விதிமுறையில் முதல் தரம் என்பது நடுப்படி! முதல் தரத்துக்கு அனுமதிக்கும் தகைவு, அதாவது மரம் தாங்கலாம் என்று கணக்கில் கொள்ளும் அழுத்தம், 100 என்றால் செலக்டுக்கு 116, இரண்டாம் தரத்துக்கு 84. ‘செலக்ட்’டை ‘தேர்ந்த தரம்’ என்று சொல்லலாம். என் கடைக்காரரிடம் இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாப் பலகையும் தேர்ந்த தரமாகியிருக்கும்.

தரம் பிரிப்பவர் எதைப் பார்க்கிறார்? கணு, வெடிப்பு, வளைவு, பூச்சித் துளை, அழுகல் எல்லாம் உண்டு. இவற்றில் கடையில் பலர் கண்ணில் படாமல் போவது நார் ஓட்டம். நார் பலகையின் நீளத்தோடு ஒட்டி ஓடாமல் சாய்ந்து ஓடினால் மரம் அந்தச் சாய்வு வழியே பிளக்கும். தேர்ந்த தரத்தில் 20 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம்வரை சாயலாம், முதல் தரத்தில் 15க்கு 1, இரண்டாம் தரத்தில் 12க்கு 1. அதற்கு மேல் சாய்ந்தால் பாரம் தாங்கும் வேலைக்கு ஆகாது. கணுவிலும் அது இருக்கும் இடம்தான் முக்கியம். உத்தரத்தின் நடுநீளத்தில், கீழ் விளிம்பில் இருக்கும் சின்னக் கணு, அகலத்தின் நடுவே இருக்கும் பெரிய கணுவைவிடப் பொல்லாதது. பாரத்தில் உத்தரம் வளையும்போது இழுபடுவது அந்தக் கீழ் விளிம்புதான்.

இங்கே ஒரு கேள்வி வரும். “இவ்வளவும் எதற்கு, வைரம் பாய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?” நம் ஊரில் தரத்துக்கு மறுபெயரே வைரம்தான், மரத்தின் உள்ளே இறுகிய பகுதி. வைரம், வஜ்ரம் என்ற வடசொல்லின் வழி வந்தது. அதற்குத் தமிழில் சேகு என்றும் காழ் என்றும் பெயர். சேகு என்பதற்குச் சிவப்பு என்றும் பொருள் உண்டு. மரத்தின் நடுவே நிறம் ஏறிய பகுதியைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். காழ் என்பது இறுகியது, விதை, உள்ளீடு. முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே வெட்டு, ‘காழ்த்த இடத்து’ வெட்டுபவன் கையை அது வெட்டும் என்கிறது குறள். மனத்தில் இறுகிப்போன பகைக்குக் காழ்ப்பு என்று பெயர் வந்ததும் இப்படித்தான். பகையைக் குறிக்கும் வைரம் வேறு வடசொல்லிலிருந்து வந்தது. ஆனாலும் இரு வழியிலும் மரத்தின் கெட்டியும் மனத்தின் கெட்டியும் ஒரே ஒலியில் வந்து நிற்பது தற்செயலின் அழகு.

காழ் இல்லாத வெளுத்த பகுதிக்கு வெளிறு என்று பெயர். புறநானூற்றின் 35ஆம் பாட்டில் போர்க்களத்தில் வீழ்ந்து கிடக்கும் யானைகளுக்கு ‘வெளிற்றுப் பனந் துணி’ உவமை, அதாவது வைரமில்லாத பனைத் துண்டுகள். ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர், குற்றமற்றுக் கற்றவரிடத்திலும் ஆராய்ந்து பார்த்தால் ‘இன்மை அரிதே வெளிறு’ என்கிறார். உரைகாரர்கள் அறியாமை என்று பொருள் சொல்வார்கள். எனக்கென்னவோ அங்கே ஒருவர் மரக்கட்டையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதுபோலவே தோன்றும்.

ஆனால் வைரத்தையே தரம் என்று கொள்வதில் ஒரு பிழை இருக்கிறது. வெளிறு வலுவில் காழைவிடப் பெரிதாகக் குறைந்தது அல்ல. நீரும் மாவுச்சத்தும் உள்ள உயிர்ப்பகுதி என்பதால் பூச்சியும் பூஞ்சையும் அதை விரும்புகின்றன, அவ்வளவுதான். மருந்தேற்றினால் அதையும் பயன்படுத்தலாம். காழ் சொல்வது எவ்வளவு காலம் நிற்கும் என்பதை, தரம் சொல்வது எவ்வளவு தாங்கும் என்பதை. ஆயுளுக்குத் தனிச் சோதனை இருக்கிறது. 1906இல் தொடங்கிய டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் மரத்துண்டுகளை மண்ணில் நட்டுவைத்துவிட்டு அவை மக்கும்வரை காத்திருப்பார்கள். இதற்குப் பெயர் ‘கல்லறைச் சோதனை’. 120 மாதமும் அதற்கு மேலும் நின்றால் முதல் வகுப்பு, 60 முதல் 120 வரை இரண்டாம் வகுப்பு, அதற்குக் குறைந்தால் மூன்றாம் வகுப்பு. தேக்கு முதல் வகுப்பு, மா மூன்றாம் வகுப்பு. வைரம் பாய்ந்த, ஆனால் நார் சாய்ந்த தேக்குப் பலகை நூறாண்டு கதவாக நிற்கலாம். உத்தரமாக ஏற்றினால் அதுவே முறியலாம்.

நாட்டு மரங்களுக்கு இதனால்தான் தரம் பிரித்தல் வேண்டியிருக்கிறது. ‘நாட்டு’ என்ற முன்னொட்டு கோழிக்கு முன்னால் வந்தால் விலை ஏறுகிறது, மரத்துக்கு முன்னால் வந்தால் இறங்குகிறது. வேம்பும் வாகையும் பூவரசும் தோப்பிலும் வேலியோரத்திலும் வளர்ந்தவை, கிளை அதிகம், கணுவும் அதிகம். அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகளில் ஒன்று உத்தரத்துக்கு ஆகும், மற்றது பெட்டி செய்யத்தான் ஆகும். இனப்பெயரை மட்டும் பார்த்தால் இரண்டையுமே தள்ளிவிடுவோம், அல்லது இரண்டையுமே ஏற்றிவிடுவோம்.

பனையும் தென்னையும் இந்தக் கணக்கிலேயே அடங்காதவை. கிளை இல்லை, ஆகவே கணு இல்லை. ஆண்டு வளையமும் இல்லை. தொல்காப்பியம் மரபியலில் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது: ‘புறக்காழனவே புல்லென மொழிப’, ‘அகக்காழனவே மரமென மொழிப’. உள்ளே இறுகியது மரம், வெளியே இறுகியது புல். பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லில் சேரும். பனங்கைமரம் பிளப்பவர் நடுச்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு விளிம்பை மட்டும் எடுப்பது இந்த நூற்பாவைப் படித்துவிட்டு அல்ல, கோடரி சொல்லிக்கொடுத்தது.

தென்னந்தோப்புகள் மலிந்த பிலிப்பீன்சில் முதிர்ந்த தென்னையை வீடு கட்டப் பயன்படுத்த ஆராய்ந்தார்கள். தென்னைக்குக் கணுவைக் கொண்டு தரம் பிரிக்க வழியில்லை என்பதால் அடர்த்தியைப் பிடித்துக்கொண்டார்கள். கன மீட்டருக்கு 600 கிலோவும் அதற்கு மேலும் உயர் அடர்த்தி, 400 முதல் 600 வரை நடுத்தரம், அதற்குக் கீழே தாழ்வு. உயர் அடர்த்தி தண்டின் வெளி விளிம்பில், அதிலும் அடிப்பகுதியில் கிடைக்கும். பாரம் தாங்கும் சட்டங்களுக்கு அதுதான். உள்ளே போகப் போகவும் மேலே போகப் போகவும் அடர்த்தி குறையும். ஒரே மரத்துக்குள் மூன்று தரமும் இருக்கின்றன. புறக்காழ் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை ஒரே வரியில் தமிழில் எழுதலாம்.

கடைசியில் என் கூரைக்கு வேம்புதான் வாங்கினேன். மதிப்பீட்டுத் தாளில், ‘வேம்பு, முதல் தரம், வெளிறு நீக்கியது’ என்று எழுதி ஆசாரியிடம் நீட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தவர், “வெளிறு என்றால் என்னங்க ஐயா?” என்றார். பலகையின் ஓரத்து வெளுப்பைத் தொட்டுக் காட்டினேன். “அட, வெள்ளை!” என்று சொல்லிவிட்டுக் காதிலிருந்த பென்சிலை எடுத்து, வெளிறை அடித்து, மேலே ‘வெள்ளை’ என்று எழுதினார்.